வாம்பயர் வீக்கெண்டின் ‘கான்ட்ரா’: இரண்டாவது ஆல்பமும் அதன் நிறைந்த ஒலியும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘கான்ட்ரா’வைக் கேட்டுப் பார்க்கும்படி யாரிடம் சொன்னாலும், சில நாள்களில் ஏறத்தாழ ஒரே வகையான சந்தேகங்களுடன் திரும்பி வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டுவிட்டேன். குழுவைப் பற்றி முன்பே அறிந்தவர்கள் முதல் இரண்டு கேள்விகளைத் தாண்டிச் செல்லலாம்.

யார் இந்த வாம்பயர் வீக்கெண்ட்? பெயரைக் கேட்டால் பேய்ப் படத்துக்கு இசை போடுகிறவர்கள் மாதிரி இருக்கிறதே?

நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த நால்வர் 2006இல் தொடங்கிய இசைக்குழு இது. எஸ்ரா கோனிக் பாடுகிறார், கிதார் வாசிக்கிறார், பாடல் வரிகளில் பெரும்பகுதியை எழுதுகிறார். ரோஸ்தம் பாத்மாங்லிஜ் கீபோர்டும் கிதாரும் வாசித்ததோடு முதல் இரண்டு ஆல்பங்களின் தயாரிப்பாளராகவும் இருந்தார். பேஸ் கிதார் கிறிஸ் பாயோவுடையது, டிரம்ஸ் கிறிஸ் டாம்ஸனுடையது. கோனிக் மாணவராக இருந்தபோது ஒரு கோடை விடுமுறையில் எடுத்த அரைகுறைக் குறும்படத்தின் தலைப்பே குழுவின் பெயராயிற்று. பேய்க்கும் இவர்களுடைய இசைக்கும் அதற்கு மேல் உறவு இல்லை.

முதல் ஆல்பம் குழுவின் பெயரிலேயே 2008 ஜனவரியில் வந்தது. இரண்டாவதான ‘கான்ட்ரா’ 2010 ஜனவரியில் வந்தது. ரோஸ்தம் 2016இல் குழுவை விட்டு விலகிவிட்டார் என்பதால், இங்கே ‘குழு’ என்று சொல்லும் இடமெல்லாம் அன்றைய நால்வரையே குறிக்கும்.

இன்டி என்றால் கையில் காசில்லாமல் தாங்களே பதிவு செய்து வெளியிடுவதுதானே? அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ஆல்பத்தை எப்படி இன்டி என்கிறீர்கள்?

அந்தச் சொல்லுக்கு இரண்டு பயன்பாடுகள் உண்டு, இரண்டும் கலந்தே புழங்குகின்றன. ஒன்று வணிகம் சார்ந்தது: உலகின் மிகப் பெரிய இசை நிறுவனங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு நிறுவனம் வெளியிட்டால் அது இன்டி. ‘கான்ட்ரா’வை வெளியிட்ட எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் லண்டனைச் சேர்ந்த அத்தகைய நிறுவனம்தான். புகழ்பெற்ற பாடகி அடெலின் முதல் ஆல்பமும் அங்கிருந்தே வந்தது என்பதை நினைத்துக்கொண்டால், சார்பற்ற நிறுவனம் என்பதற்குச் சிறிய நிறுவனம் என்று பொருளில்லை என்பது விளங்கும். ‘கான்ட்ரா’ வெளிவந்த முதல் வாரத்தில் அமெரிக்காவில் சுமார் 1,24,000 பிரதிகள் விற்று, பில்போர்டு 200 என்ற அமெரிக்க ஆல்பப் பட்டியலின் முதலிடத்தில் நுழைந்தது.

மற்றொரு பயன்பாடு இசையின் தன்மை சார்ந்தது. மெல்லிய, பயிற்சி பெறாதது போன்ற குரல், தெளிவான மெட்டு, கிதாரைக் கனமாக இரைய விடாத வாசிப்பு, வீட்டிலேயே செய்த பொருளின் நெருக்கம் ஆகியவற்றை இன்டி பாப் என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்தக் குழுவுக்கு இரண்டு பொருளும் பொருந்துகின்றன.

“நிறைந்த ஒலி, நிறைந்த ஒலி” என்கிறீர்கள். சத்தம் அதிகம் என்பதைத்தான் அழகாகச் சொல்கிறீர்களா?

இல்லை. சத்தம் என்பது ஒலியின் அளவு. அதை வீட்டிலிருக்கும் குமிழைத் திருகியே கூட்டிக்கொள்ளலாம். நான் சொல்லும் நிறைவு மூன்று இடங்களில் நிகழ்கிறது. முதலாவது சுருதியின் உயரம்: அடியில் முழங்கும் பேஸிலிருந்து உச்சியில் சிணுங்கும் மணியோசை வரை எந்த அடுக்கும் நெடுநேரம் காலியாக இல்லாமல் இருப்பது. இரண்டாவது காலம்: ஒரு வரி பாடி முடிந்து அடுத்த வரி தொடங்குவதற்குள் இருக்கும் இடைவெளியில் வேறொரு கருவி சிறிதாக ஏதேனும் பதில் சொல்வது. மூன்றாவது இடப்பரப்பு: இடது காதுக்கும் வலது காதுக்கும் நடுவில் ஒலிகள் பரவலாக வைக்கப்பட்டிருப்பது.

கல்யாணப் பந்தியில் இலை நிறைந்திருந்தாலும் பொரியல் கூட்டின் மேல் ஏறாமல் அதது அதனதன் இடத்தில் இருப்பதைப் போலத்தான் ‘கான்ட்ரா’வின் நிறைவும் அமைந்திருக்கிறது. ராக் குழுக்களின் இரண்டாவது ஆல்பத்தில் வழக்கமாக நடப்பது வேறு: அதே கிதாரை நான்கு முறை பதிவு செய்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, சுவர் போன்ற ஓர் ஓசையை எழுப்புவார்கள். அந்த வழியை இவர்கள் தொடவே இல்லை என்பதுதான் இந்த ஆல்பத்தைப் பற்றி நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது. சட்டென்று தோன்றி மறையும் சிறிய ஒலிகள் பலவற்றைச் சேர்த்தே இதை நிறைத்திருக்கிறார்கள்.

முதல் ஆல்பத்திலேயே வயலின், ஹார்ப்சிகார்ட் எல்லாம் இருந்ததே. பிறகு இதில் என்ன புதுசு?

நல்ல கேள்வி. ‘எம்79’ என்ற பாட்டில் தந்திக்கருவிகளும், பியானோவுக்கு முந்தைய விசைக்கருவியான ஹார்ப்சிகார்டும் பாட்டையே நடத்திச் செல்கின்றன. ‘ஏ-பங்க்’கில் புல்லாங்குழல் போல ஒலிப்பது மெல்லோட்ரான் என்ற பழைய கீபோர்டின் ஓசை. ஆகவே ‘கான்ட்ரா’வில் கேட்பவை திடீரென்று வானத்திலிருந்து விழுந்தவை அல்ல.

வேறுபாடு அவற்றின் பொறுப்பில் இருக்கிறது. முதல் ஆல்பத்தில் அடிப்படைக் கட்டமைப்பு எப்போதும் நால்வர் வாசிக்கும் நான்கு கருவிகள்தான். கிதார், கீபோர்டு, பேஸ், டிரம்ஸ் ஒவ்வொன்றையும் விரல்விட்டு எண்ணலாம், வயலின் அதன் மேல் வந்து அமரும் அலங்காரம். படிப்பை முடித்துப் பகலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், நிலவறையிலும் களஞ்சியக் கொட்டகையிலும் அடுக்குமாடி வீட்டு அறையிலும் கிடைத்த நேரத்தில் பதிவு செய்த ஆல்பம் அது. அதன் இடைவெளிகளில் ஒரு பங்கு ரசனையால் வந்தது, ஒரு பங்கு வசதிக்குறைவால் வந்தது. ‘கான்ட்ரா’வில் வசதிக்குறைவு நீங்கிவிட்டது. எது கட்டமைப்பு, எது அலங்காரம் என்ற பிரிவும் அதோடு போய்விட்டது. முதல் பாட்டான ‘ஓர்ச்சாட்டா’வே மரக்கட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் மரிம்பாவையும் கட்டைவிரலால் மீட்டும் ஆப்பிரிக்கச் சிறு பியானோவையும் முதுகெலும்பாகக் கொண்டு நிற்கிறது, டிரம்ஸ் முழுதாக உள்ளே வருவதற்குள் பாட்டு நன்றாகவே நடக்கத் தொடங்கிவிடுகிறது.

கிதார் எங்கே போயிற்று? முதல் ஆல்பத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

போய்விடவில்லை, பின்னால் நகர்ந்திருக்கிறது. முதல் ஆல்பத்தின் கிதார் மெல்லிய, உலர்ந்த, ஒவ்வொரு சுரமும் தனித்து உதிரும் கிதார்; காங்கோவின் சூக்கூஸ் என்ற நடன இசையின் கிதார் வாசிப்பையும் தென்னாப்பிரிக்க நகரங்களின் நடன இசையையும் நினைவுபடுத்துவது. அதே இடத்தைத்தான், அதாவது குரலுக்குச் சற்று மேலே துள்ளிக்கொண்டே இருக்கும் அந்த அடுக்கைத்தான், இரண்டாவது ஆல்பத்தில் மரிம்பாவும், மின்னணு முறையில் ஒலி எழுப்பும் சிந்தசைசரும் எடுத்துக்கொண்டன. ‘வைட் ஸ்கை’ பாட்டில் இடைவிடாமல் சுழலும் சிந்தசைசர் கோவையைக் கவனித்தால், அதைக் கிதாரிலேயே வாசித்திருக்கலாமே என்று தோன்றும். இடம் மாறவில்லை, அமர்ந்திருப்பவர்தான் மாறியிருக்கிறார்.

கிதார் மட்டுமே வேண்டும் என்பவர்கள் ‘கசின்ஸ்’ பாட்டுக்கு நேரே போகலாம். இரண்டரை நிமிடம்கூட ஓடாத அந்தப் பாட்டில் கோனிக்கின் விரல்கள் முதல் ஆல்பத்தில் இருந்ததைவிட வேகமாக ஓடுகின்றன, டாம்ஸனின் டிரம்ஸ் அவரைத் துரத்துகிறது. ஆல்பத்திலிருந்து முதல் சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டாக, அதையே வெளியிட்டதைப் பார்த்தால், கிதார் ரசிகர்களின் கவலையைக் குழுவும் ஊகித்திருந்தது என்றே எண்ணத் தோன்றுகிறது.

இத்தனையையும் சேர்த்தது யார்? பெரிய தயாரிப்பாளர் யாரையாவது அழைத்து வந்தார்களா?

இரண்டாவது ஆல்பத்தில் ஒலி நிறைந்தால் அதன் பின்னால் புதிதாக ஒரு பெயர் இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. பல குழுக்களின் விஷயத்தில் அது உண்மையும்கூட. இங்கே அப்படி இல்லை. முதல் ஆல்பத்தைத் தயாரித்த ரோஸ்தமே இதையும் தயாரித்தார். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலும், ஒரு பங்கை மெக்சிகோ நகரத்திலும் பதிவு செய்தார்கள். பிரேசிலைச் சேர்ந்த தாளக் கலைஞர் மவுரோ ரெஃபோஸ்கோ சில பாடல்களில் அந்நாட்டு முழவுகளை வாசித்திருக்கிறார்.

ரோஸ்தம் கொலம்பியாவில் இசை படித்தவர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நான்கு தந்திக்கருவிகளுக்குச் சுரம் எழுதும் பழக்கமும், மடிக்கணினியில் தாளம் கோக்கும் பழக்கமும் ஒருவரிடமே இருந்ததால்தான், ‘கான்ட்ரா’வில் செல்லோவும் கணினித் தாளமும் ஒன்றையொன்று அந்நியமாகப் பார்த்துக்கொள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடிந்திருக்கிறது. இரு ஆல்பங்களுக்கு நடுவே, 2009இல், ரா ரா ராயட் என்ற குழுவின் பாடகருடன் சேர்ந்து ‘டிஸ்கவரி’ என்ற பெயரில் முழுக்க முழுக்க சிந்தசைசர் இசையாலான ஓர் ஆல்பத்தையும் அவர் வெளியிட்டார். ‘கான்ட்ரா’வின் மின்னணு ஒலிகள் எங்கே ஒத்திகை பார்க்கப்பட்டன என்று அறிய விரும்புகிறவர்கள் அதைக் கேட்கலாம். தனி ஆல்பமாக அது எனக்கு அவ்வளவு உவப்பானதல்ல. சுவாரசியமான சோதனைக்கூடம் என்ற அளவில் மதிப்புடையது.

ஆட்டோ-டியூன் போட்டிருக்கிறார்களே, அவருக்குப் பாட வராதா?

‘கலிபோர்னியா இங்கிலீஷ்’ பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் இந்தக் கேள்வி எப்போதும் வருகிறது. ஆட்டோ-டியூன் என்ற மென்பொருளுக்கு இரண்டு வேலைகள் உண்டு. சுருதி சற்றே விலகும்போது காதுக்குத் தெரியாமல் சரிசெய்வது ஒன்று. வேண்டுமென்றே கடுமையாக வைத்து, குரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் படிக்கட்டில் தாவுவது போல ஒலிக்கச் செய்வது மற்றொன்று. இங்கே நடப்பது இரண்டாவது. பிழையை மறைக்க நினைப்பவர் அதை இத்தனை வெளிச்சத்தில் செய்யமாட்டார்.

கோனிக் அந்தப் பாட்டில் மூச்சுவிட இடமில்லாத வேகத்தில் பாடுகிறார்; குரலே ஒரு தாளக்கருவியாகிவிடுகிறது. மென்பொருள் அந்தக் குரலின் ஓரங்களைக் கூராக்கிச் சுற்றியுள்ள துரிதமான கிதாரோடு கோத்துவிடுகிறது. நிறைந்த ஒலி பற்றிய கேள்வியில் சொன்ன ‘சிறிய ஒலிகளால் நிறைத்தல்’ என்ற முறை குரலுக்கே பயன்படுத்தப்பட்டிருக்கும் இடம் இது. எனினும் இந்த ஆல்பத்தில் காலம் சென்று கேட்கும்போது பழசாகத் தெரியும் ஒரே பாட்டும் இதுதான் என்பது என் கருத்து. 2009, 2010 ஆண்டுகளில் எங்கு திரும்பினாலும் அந்த ஓசை ஒலித்ததால், இன்று கேட்டால் ஆண்டு முத்திரை குத்தியது போல இருக்கிறது. அவருக்குப் பாட வருமா என்ற ஐயம் மீதமிருந்தால், சொற்களே இல்லாமல் உச்சக் குரலில் பாடும் ‘வைட் ஸ்கை’யின் பல்லவியைக் கேளுங்கள்.

டிரம்ஸ் வாசிக்க ஆள் இருக்கும்போது எதற்கு டிரம் மெஷின்?

டாம்ஸன் சிறந்த வாசிப்பாளர் என்பதாலேயே, அவர் வாசிக்காத இடங்கள் கவனத்தை ஈர்க்கின்றன. ‘டாக்ஸி கேப்’ பாட்டில் இயந்திரத் தாளம் மாறாமல் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்க, அதன் மேல் பியானோவும் ஹார்ப்சிகார்டும் வருகின்றன. கோனிக் ஏறக்குறையப் பேசும் குரலில், பிரிந்துபோன ஓர் உறவை நினைத்துப் பாடுகிறார். அங்கே மனிதர் ஒருவர் டிரம்ஸ் வாசித்திருந்தால் உணர்ச்சிக்கு ஏற்பச் சற்றே அழுத்தியிருப்பார், சற்றே தளர்த்தியிருப்பார். இயந்திரம் எதற்கும் அசைந்துகொடுக்காது. அந்த அசையாமை பாடுகிறவரின் அடக்கிவைத்த துயரத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது. இந்த ஆல்பத்தின் ஒலியமைப்பில் மிகச் சிறந்ததாக நான் எண்ணுவது இந்தப் பாட்டையே.

‘கிவிங் அப் த கன்’ பாட்டில் காரணம் வேறு. அது நடனக் கூடத்துக்கான நேரான, சீரான தட்டு. அந்தப் பாட்டின் பழைய வடிவம் கோனிக் கல்லூரிக் காலத்தில் நடத்திய ஒரு ராப் குழுவில் தோன்றியது. துப்பாக்கியைக் கைக்கொண்ட ஜப்பான் அதை விட்டுவிட்டு மீண்டும் வாளுக்குத் திரும்பிய வரலாற்றைச் சொல்லும் ஒரு நூலின் தலைப்பிலிருந்து பாட்டுக்குப் பெயர் வந்தது. டென்னிஸ் போட்டியாக எடுக்கப்பட்ட அதன் காணொளியில் நடிகர் ஜேக் ஜில்லன்ஹால் ஓர் ஆட்டக்காரராக வருகிறார்.

ஆப்பிரிக்க இசையைத் திருடிப் பணம் பார்த்த வெள்ளைக்காரப் பையன்கள் என்று சொல்கிறார்களே, உண்மையா?

முதலில் ஒரு திருத்தம்: ரோஸ்தம் ஈரானிய அமெரிக்கர். அதைச் சொல்லிவிட்டதால் கேள்வியின் சாரம் மறைந்துவிடாது. முதல் ஆல்பத்தில் காங்கோ நடனமான குவாஸா குவாஸாவின் பெயரையும் அமெரிக்கச் செல்வந்தர்களின் கோடை வாசத்தலமான கேப் காட்டின் பெயரையும் ஒட்டவைத்து ஒரு பாட்டுக்கே தலைப்பிட்டார்கள். நியூயார்க்கின் வசதியான ஒரு பகுதியின் பெயரோடு தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களின் குடியிருப்பான சோவெட்டோவின் பெயரைச் சேர்த்துத் தங்கள் இசைக்குத் தாங்களே ஒரு விளையாட்டுப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். 1986இல் தென்னாப்பிரிக்கக் கலைஞர்களோடு அமெரிக்கப் பாடகர் பால் சைமன் செய்த ஆல்பத்தோடு இவர்களை ஒப்பிடாத விமர்சகர் அரிது. கடன் வாங்கியதை அவர்கள் ஒருபோதும் மறைக்கவில்லை. ஆனால் கடனை ஒப்புக்கொள்வதும் தீர்ப்பதும் ஒன்றல்ல என்று ஒருவர் வாதிட்டால் அதை நான் மறுக்கமாட்டேன்.

‘கான்ட்ரா’வைப் பொறுத்தவரை இந்தக் குற்றச்சாட்டு முன்னளவு பொருந்தவில்லை. காரணம், கடன் பல திசைகளுக்குப் பரந்துவிட்டது: பிரேசில் முழவுகள், ‘ஹாலிடே’யில் ஸ்கா என்ற துள்ளல் தாளம், ‘டிப்ளமாட்ஸ் சன்’னில் ஜமைக்க இசை, ஐரோப்பியச் செவ்வியல் மரபின் தந்தி வாத்தியங்கள், ராப் இசையிலிருந்து வந்த, ஒலித்துண்டுகளைக் கணினியில் வெட்டி ஒட்டும் முறை. எந்த ஒன்றையும் இவர்களுடைய அடையாளச் சின்னம் என்று இனிச் சுட்டமுடியாது. ஒலி நிறைந்ததன் பக்கவிளைவுகளில் இதுவும் ஒன்று.

இதில் எம்.ஐ.ஏ.யின் குரல் வருகிறது என்று ஒருவர் சொன்னார். நம்ம மாயாவா?

ஆம், யாழ்ப்பாணத்தில் குழந்தைப்பருவத்தைக் கழித்து லண்டனில் வளர்ந்த அதே ராப் பாடகி மாயா அருள்பிரகாசம்தான். ஆனால் அவர் இந்த ஆல்பத்துக்காக வந்து பாடவில்லை. தம் தாயின் பெயரைச் சூட்டி 2007இல் வெளியிட்ட ‘கலா’ ஆல்பத்தின் ‘ஹசல்’ என்ற பாட்டிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து, முறைப்படி சாம்பிளாக, ‘டிப்ளமாட்ஸ் சன்’ பாட்டில் பயன்படுத்தினார்கள். அந்த ஆல்பமும் எக்ஸ்எல் வெளியிட்டதே. அதே பாட்டில் ஜமைக்காவின் டூட்ஸ் அண்ட் த மேட்டல்ஸ் குழுவின் புகழ்பெற்ற ஒரு பாட்டின் வரியும் எடுத்தாளப்படுகிறது.

ஆறு நிமிடம் நீளும் இதுவே ஆல்பத்தின் மிக நீண்ட பாட்டு. ஒலியமைப்பைப் படிக்க விரும்புகிறவருக்கு ‘டாக்ஸி கேப்’புக்கு அடுத்தபடி இதைத்தான் சொல்வேன். துண்டாக்கப்பட்ட குரல் இங்கே கதை எதையும் சொல்லவில்லை. ஒரு கருவியின் வேலையைச் செய்கிறது. அதைச் சுற்றித் தாளமும் தந்திகளும் கோனிக்கின் சோம்பலான பாட்டும் படிந்துகொண்டே போகின்றன. பாட்டின் நடுவே இசை முற்றிலும் வேறொரு நிறத்துக்கு மாறுவதையும் கவனிக்கத் தவறாதீர்கள்.

‘கான்ட்ரா’ என்றால் வீடியோ கேமா, நிகராகுவா கிளர்ச்சிக்காரர்களா?

இரண்டையும் நினைக்கவைக்கத்தான் அந்தப் பெயர். ‘கான்ட்ரா’ என்ற பெயரில் ஒரு வீடியோ கேம் உண்டு. 1980களில் நிகராகுவாவின் இடதுசாரிப் புரட்சியாளர்களான சாண்டினிஸ்டாக்களின் அரசை எதிர்த்து அமெரிக்க ஆதரவோடு போரிட்டவர்களுக்குக் கான்ட்ராக்கள் என்று பெயர். 1980இல் பிரிட்டனின் கிளாஷ் குழு சாண்டினிஸ்டாக்களின் பெயரையே தன் ஆல்பத்துக்குச் சூட்டியிருந்தது. எதிர்த்தரப்பின் பெயரைத் தம் ஆல்பத்துக்கு வைப்பதில் ஒரு குறும்பு இருக்கிறது: புரட்சி பாடிய குழுவுக்கு எதிரில், வசதியான பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் தங்களைத் தாங்களே எதிரணியில் நிறுத்திக்கொள்கிறார்கள். கிளாஷின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் பிரிட்டிஷ் வெளியுறவுப் பணியாளர் ஒருவரின் மகனாக அங்காராவில் பிறந்தவர் என்பதை, ‘தூதரின் மகன்’ என்று பொருள்படும் ‘டிப்ளமாட்ஸ் சன்’ பாட்டின் தலைப்போடு பொருத்திப் பார்த்தால் குறும்பு இன்னும் விளங்கும்.

வரிகளைப் பார்த்தால் எல்லாம் பணக்காரப் பிள்ளைகளின் விடுமுறைக் கதையாக இருக்கிறதே?

மேலோட்டமாகக் கேட்டால் அப்படித்தான். ‘ஹாலிடே’யைத் துள்ளலான ஸ்கா தாளத்தோடு கேட்பவர் கடற்கரையைத் தவிர வேறெதையும் நினைக்கமாட்டார். ஆனால் அதன் நடுவே, படையெடுப்பு நடந்த நாளிலிருந்து இறைச்சியை விட்டுவிட்ட ஒரு பெண் வருகிறாள். குண்டுகள் என்ற சொல்லை ஃபியூச்சுரா என்ற எழுத்துருவில் மிகப் பெரிதாக அச்சிட்டிருப்பதை அவள் பார்க்கிறாள். ஈராக் போர்க் காலத்தின் குற்றவுணர்வு விடுமுறைப் பாட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. அதே பாட்டு 2010 கிறிஸ்துமஸ் பருவத்தில் ஹோண்டா கார் விளம்பரத்துக்கும் டாமி ஹில்ஃபிகர் ஆடை விளம்பரத்துக்கும் போனது. அந்த வரியை விளம்பரக்காரர்கள் கவனித்தார்களா என்று நினைத்து எனக்கு அவ்வப்போது சிரிப்பு வரும்.

இவர்கள் செல்வத்தைப் பாராட்டிப் பாடுகிறவர்கள் அல்லர். செல்வத்துக்கு வெகு அருகில் நின்று அதை உன்னிப்பாகப் பார்ப்பவர்கள். அந்தப் பார்வையில் எவ்வளவு கண்டனம், எவ்வளவு ஏக்கம் என்பது பாட்டுக்குப் பாட்டு மாறுகிறது. அந்தத் தெளிவின்மை சிலருக்கு எரிச்சலூட்டும் என்பதும் நியாயமே.

அட்டையில் இருக்கும் பெண் யார்? ஏதோ வழக்கு நடந்ததாமே?

மஞ்சள் போலோ சட்டை அணிந்த பொன்னிறக் கூந்தல் பெண்ணின் போலராய்டு படம் அது. 1983இல் எடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. தம் படத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தினார்கள் என்று படத்திலிருக்கும் பெண்மணி 2010இல் 20 லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். அடுத்த ஆண்டு குழுவோடும் நிறுவனத்தோடும் சமரசமாயிற்று. அவர் பொதுவாழ்வில் இருப்பவர் அல்லர் என்பதால் அதற்கு மேல் இங்கே எழுதப்போவதில்லை.

நாலு பேர் மேடையில் இத்தனையையும் எப்படி வாசிப்பார்கள்? பதிவு செய்ததை ஓடவிடுவார்களா?

எல்லாவற்றையும் வாசித்ததில்லை, வாசிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. சாம்பிள்களையும் சில சிந்தசைசர் அடுக்குகளையும் கருவியில் சேமித்து வைத்து விசையைத் தொட்டு எழுப்புவது இன்று பல குழுக்களும் செய்வதுதான். மற்றவற்றை ரோஸ்தம் கீபோர்டுக்கும் கிதாருக்கும் மாறி மாறிச் சமாளித்தார். மேடையில் பாட்டுகள் சற்று மெலிந்து, முதல் ஆல்பத்தின் ஒலிக்கு அருகில் போய்விட்டன. இரண்டு ஆல்பங்களுக்கும் நடுவில் இருப்பதாகச் சொல்லப்படும் இடைவெளி மெட்டில் இல்லை, பதிவு செய்த விதத்தில்தான் இருக்கிறது என்பதற்கு இது ஒரு சான்று.

எதில் கேட்பது, எந்தப் பாட்டில் தொடங்குவது?

கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். பேஸ் மறைந்துவிடும், நிறைந்த ஒலி பற்றிய கேள்வியில் சொன்ன இடப்பரப்பு ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும், எஞ்சுவது சலங்கைச் சத்தம் மட்டும். சுமாரான ஹெட்ஃபோன் போதும். புதிதாகக் கேட்பவர் ‘வைட் ஸ்கை’யில் தொடங்கி, ‘டாக்ஸி கேப்’, ‘டிப்ளமாட்ஸ் சன்’ என்று போகலாம். பிறகு பத்துப் பாட்டுகளையும் வரிசையாகக் கேட்டாலும் நாற்பது நிமிடத்தை எட்டாது. ‘ரன்’ பாட்டுக்காக அவசரப்பட வேண்டியதில்லை. கருவிகள் எல்லாம் இருந்தும் மெட்டு அவற்றைத் தாங்கவில்லை என்பது என் மதிப்பீடு.

கடைசிப் பாட்டில் ஒன்றுமே இல்லையே. நிறைந்த ஒலி என்று சொல்லிவிட்டு இப்படி முடிக்கிறார்களே?

‘ஐ திங்க் யுர் எ கான்ட்ரா’வைக் கேட்டுத் திகைக்காதவர் குறைவு. ஆல்பத்தை முன்னே தள்ளிக்கொண்டிருந்த தாளம் இங்கே ஏறக்குறைய நின்றுவிடுகிறது. கிதார், தந்திகள், நடுங்கும் குரல் மட்டும். உன் நட்பை நம்பினேன், நீ எதிரணியோ என்று ஐயப்படும் ஒருவரின் பாட்டு அது. ஒன்பது பாட்டுகளில் எல்லா அடுக்குகளும் நிரம்பியிருப்பதைக் கேட்டுப் பழகிய காதுக்கு, இங்கே காலியான அடுக்குகள் தனியாகக் கேட்கின்றன. முதல் ஆல்பத்தில் இதே பாட்டு இருந்திருந்தால் அந்த வெறுமை உறைத்திருக்காது, ஏனென்றால் அங்கே இடைவெளி எல்லாப் பாட்டுக்கும் பொதுவானது. ஒலியை நிறைக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கே எங்கே நிறைக்காமல் விடுவது என்று தீர்மானிக்கும் உரிமையும் கிடைக்கிறது.

அப்படியானால் இரண்டில் எது சிறந்தது?

முதல் ஆல்பத்தில் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் மெட்டுகள் அதிகம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘ஏ-பங்க்’குக்கு ஈடான உடனடிக் கவர்ச்சி ‘கான்ட்ரா’வில் எதற்கும் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்கும்போது புதிதாக ஏதேனும் கிடைப்பது ‘கான்ட்ரா’வில்தான். எனக்கு இரண்டாவதுதான்.

மூன்றாவது ஆல்பத்தில் இதையே இன்னும் பெருக்கினார்களா?

இல்லை. 2013இல் வந்த அந்த ஆல்பத்தில் ரோஸ்தமோடு ஏரியல் ரெக்ட்ஷெய்ட் என்ற தயாரிப்பாளரும் முதன்முறையாகச் சேர்ந்தார். துள்ளல் குறைந்தது, மரணமும் கடவுளும் வரிகளில் இடம்பிடித்தன, ஆர்கனும் பியானோவும் கிறிஸ்தவத் தேவாலயப் பாடகர்களைப் போன்ற கூட்டுக்குரலும் முன்னுக்கு வந்தன. ‘கான்ட்ரா’ கிராமி விருதுக்கு முன்மொழியப்பட்டுத் தோற்ற அதே ஆல்டர்நேட்டிவ் பிரிவில் அந்த மூன்றாவது ஆல்பம் வென்றது. ‘டாக்ஸி கேப்’பையும் ‘கான்ட்ரா’வின் கடைசிப் பாட்டையும் விரும்பியவர்களுக்கு அது உடனே பிடித்துவிடும், ‘கசின்ஸ்’ விரும்பிகள் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டியிருக்கும்.